விருந்தாளி எத்தனை டெக்கா?

நட்பை நிறுத்துப் பார்க்க முடியாது என்று சொல்லித் திரிகிறவர்கள் கிஷ்மெஸோ மேல்நிலைப் பள்ளியின் வெளியுறவுக் குழுவைப் பார்த்ததில்லை. அந்தக் குழு நிறுத்தது. கிலோக் கணக்கில்கூட இல்லை, டெக்காக் கணக்கில். நம் ஹங்கேரியில் உப்புக்கண்டம் ஆகட்டும், பாலாடைக்கட்டி ஆகட்டும், பத்துப் பத்து கிராமாக, டெக்காவாகத்தான் கேட்டு வாங்குகிறோம். நட்பையும் அப்படியே கொடுத்துவிட்டால் போயிற்று என்று குழு முடிவு செய்தது.

பழி முழுவதையும் குழுவின் தலையில் கட்டுவதும் நியாயமில்லை. மாணவர் பரிமாற்றப் பயணத்துக்குப் பணம் தருகிற அறக்கட்டளை, ‘எண்ணால் சொல்லக்கூடிய பலன்’ வேண்டும் என்று கேட்டு எழுதியிருந்தது. போன வருஷம் குழு, பிள்ளைகள் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கும் நாற்பத்திரண்டு படங்களை அனுப்பியது. இது நட்பா குளிரா என்று தெரியவில்லை, விளக்கவும் என்று பதில் வந்துவிட்டது.

ஆகவே செப்டம்பரில், பள்ளியின் உடற்பயிற்சிக் கூடத்தில், பெற்றோர் கூட்டம். ஆளுக்கு இரண்டு உப்பு பன்னைக் கையில் கொடுத்து உட்காரவைத்த பிறகு, துணைத் தலைமையாசிரியை ஹார்ஷானி அம்மையார் எழுந்தார். அந்த அம்மாள் பேச்சை முடித்து யாரும் பார்த்ததில்லை. மூச்சு வாங்க நிறுத்துவார், அவ்வளவுதான்.

“அன்பார்ந்த பெற்றோர்களே! பின்லாந்து மக்கள் நமக்கு யார்? அந்நியர்களா? இல்லை, சொந்தம்! நாலாயிரம் வருஷத்துக்கு முன்னால் யூரல் மலையடிவாரத்தில் ஒரே பானையில் பொங்கித் தின்றவர்கள். வழியில் அவர்கள் வடக்கே திரும்பினார்கள், நாம் தெற்கே திரும்பினோம். இப்போது நாலாயிரம் வருஷம் கழித்துச் சொந்தக்காரன் சாப்பிட வருகிறான். வந்த எடையோடு அவன் திரும்பிப் போனால் நமக்கு வெட்கமில்லையா? ஆகவே வரும்போது ஒரு எடை, போகும்போது ஒரு எடை. நடுவில் இருக்கிற வித்தியாசம்தான், பெற்றோர்களே, பண்பாடு!”

பண்பாட்டுக்குப் பரிசும் இருந்தது. அக்டோபரில் பின்லாந்திலிருந்து பதினொரு மாணவர்கள் ஒன்பது நாள் தங்க வருகிறார்கள். பிப்ரவரியில் இங்கிருந்து அங்கே போக இடம் ஆறுதான். எந்தெந்த வீட்டு விருந்தாளிக்கு எடை அதிகம் ஏறுகிறதோ அந்தந்த வீட்டுப் பிள்ளைக்கு இடம்.

பின்வரிசையில் ஒரு கை தயங்கித் தயங்கி உயர்ந்தது. சோர்தாஷ் திவதாரின் கை. சந்தை முனை மளிகைக் கடையில் இறைச்சியும் பாலாடைக்கட்டியும் விற்கும் பகுதியில் இருபத்திரண்டு வருஷமாக நிற்கிறவர். துண்டை வெட்டிக் கையில் எடுத்தாலே எடையைச் சொல்லிவிடுவார். இத்தனை வருஷத்தில் தராசுத் தட்டில் கட்டைவிரலை வைத்தார் என்று அவரைப் பிடிக்காதவர்கள்கூடச் சொன்னதில்லை.

“அம்மா, வர்ற பையன் ஒல்லியா இருக்கறதே நல்லதுன்னு நெனைக்கிறவனா இருந்தா?”

“அதெல்லாம் அவங்க ஊர்ல நெனைச்சுக்கட்டும் சோர்தாஷ் ஐயா,” என்றார் ஹார்ஷானி அம்மையார். “இது ஹங்கேரி.”

கூடம் சிரித்தது. திவதாரால் சிரிக்க முடியவில்லை. காரணம் அவர் மகள் பொரோகா. பதினாறு வயது. அவள் அறைச் சுவரில் பின்லாந்து வரைபடம் ஒட்டியிருந்தது. பிப்ரவரி மாதம் அங்கே கடல் கல்லாக உறைந்து, அதன்மேல் பாதை போட்டுக் கார் விடுகிறார்களாம். அந்தக் கடல்மேல் நடக்க வேண்டும் என்பதுதான் அவள் இதுவரை வாய்விட்டுக் கேட்ட ஒரே ஆசை. இந்த வீட்டிலிருந்து வெளிநாடு போகிறவள் அவள் அம்மா எதெல்கா ஒருத்திதான். மாதத்தில் பதினைந்து நாள் ஆஸ்திரியாவில் ஒரு படுத்தபடுக்கைக் கிழவரைக் குளிப்பாட்டி ஊட்டிவிட்டு வருகிறாள். பத்து வருஷத்தில் அந்த நாட்டில் அவள் பார்த்தது ஒரு படுக்கையறை, ஒரு சமையலறை. மகளாவது ஒரு தேசத்தைக் கண்ணால் பார்க்கட்டும் என்று திவதார் கிடந்து தவித்தார்.

அக்டோபர் முதல் வாரம் பேருந்து வந்து நின்றது. உடற்பயிற்சிக் கூடத்தின் நடுவில் நர்ஸ் கிஸெல்லாவின் தராசு, சிவப்பு வெள்ளை பச்சை நாடா கட்டி, மணப்பெண் மாதிரி நின்றது. பாடகர் குழு பாடப் பாட, விருந்தாளிகள் ஒவ்வொருவராகக் கோட்டும் பூட்ஸுமாக ஏறி இறங்கினார்கள். பதினோராவது ஆள் வைசனென் நீலோ. வைக்கோல் நிறத் தலை, ஒட்டிய கன்னம். தராசைப் பார்த்ததும் பையைக் கீழே போட்டான். கோட்டைக் கழற்றினான், சட்டையைக் கழற்றினான், காற்சட்டையையும் கழற்றினான். நீல ஜட்டியோடு தராசில் ஏறி மூச்சை வெளியே விட்டுக்கொண்டு நின்றான். பாடகர் குழுவுக்குச் சுருதி போய்விட்டது.

“அம்பத்தொம்பது கிலோ, நாப்பது டெக்கா,” என்றாள் கிஸெல்லா, முள்ளைவிட்டுக் கண்ணை எடுக்காமல்.

“விதி ஒன்பது!” என்றார் ஹார்ஷானி அம்மையார், மேற்கூரையைப் பார்த்தபடி. “வரும்போது எந்த உடையோ போகும்போதும் அதே உடை. அது எவ்வளவு குறைவானாலும் சரி.”

பக்கத்தில் நின்ற ஷிபோஷ் திவதாரின் விலாவில் இடித்தார். ஷிபோஷ் வாத்துப் பண்ணைக்காரர், திவதாரோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்தவர். அவர் மகள் எமெஷெயும் பொரோகாவும் ஒரே பெஞ்சு. “டேய் திவதார், உனக்கு வந்து சேந்தது விருந்தாளி இல்லடா, பென்சில். என் வீட்டுக்கு வந்த ஓல்லிங்கற பையனப் பாரு. வாத்துக்குக் குடுக்கற மாதிரி வேளாவேளைக்குக் குடுத்தேன்னா பத்தே நாள்ல மினுமினுன்னு ஆயிடுவான்.”

எதெல்கா ஆஸ்திரியாவில் இருந்ததால், அன்றைக்குச் சாயங்காலம் திவதாரே மேஜையில் ஒரு கல்யாணத்தையே பரப்பிவைத்திருந்தார். கோழி சூப், மாவில் புரட்டிப் பொரித்த இறைச்சி, முட்டைக்கோஸ் இலையில் இறைச்சி சுற்றி வேகவைத்தது, பன்றிக் கொழுப்பு தடவிய ரொட்டி, மேலே வெங்காயம். நீலோ எல்லாவற்றையும் மரியாதையாகப் பார்த்தான். இரண்டு அவித்த முட்டையும் ஒரு வெள்ளரிக்காயும் எடுத்துக்கொண்டான். பொரோகாவிடம் இங்கிலீஷில் ஏதோ சொன்னான்.

“அப்பா, இவன் மல்யுத்தக்காரன்பா. ஊருக்குப் போன ரெண்டாம் நாள் போட்டியாம். அறுபது கிலோ பிரிவு. அறுபதுக்கு மேல ஒரு டெக்கா இருந்தாலும் கோதாவுல எறங்க விட மாட்டாங்களாம்.”

“போன வருஷம் என்ன பண்ணானாம்?”

“முப்பது டெக்கா அதிகம்னு வாசல்லயே திருப்பி அனுப்பிட்டாங்களாம். இந்த வருஷம் ஜெயிச்சா விளையாட்டுப் பள்ளிக்கூடத்துல எடம். இல்லன்னா வயசு தாண்டிடுமாம்.”

திவதார் கரண்டியை வைத்துவிட்டார். “இரு இரு. அவன் பெருத்தா நீ போவ. நீ போனா அவன் தோப்பான்.”

“ஆமாம்பா.”

“அடப்பாவிகளா! உக்காந்து யோசிச்சிருக்காங்களே!”

மறுநாள் விடியும்போதே நீலோ மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு ஆற்றங்கரை அணைமேல் ஓடினான். மழை இல்லை. போய்வந்து கோட்டைத் தொட்டியில் பிழிந்தான். ஊர் கொதித்துப்போய்விட்டது. விருந்தாளியைப் பட்டினி போட்டு ஓடவிடுகிறான் திவதார் என்று பேச்சு பரவியது. எதிர்வீட்டுக்காரி பாலாடைக்கட்டி போட்ட நூடுல்ஸும், தபால்காரர் மனைவி ஆப்பிள் பணியாரமும் அனுப்பினார்கள். தட்டைத் தொடாமல் திருப்பி அனுப்பினால் நம் ஊரில் மூன்று தலைமுறைக்குப் பேச்சுவார்த்தை நின்றுபோகும். பையன் தொட மாட்டான். பொரோகாவோ பையனுக்குத் துணையாக வெள்ளரிக்காய்க்கு மாறிவிட்டாள். ஆகக் கடைசியில் எல்லாவற்றையும் திவதாரே தின்றார். நாலாம் நாள் அவர் பெல்ட்டில் புதிதாக ஒரு ஓட்டை போட வேண்டியிருந்தது.

பள்ளி வாசல் பலகையில் தினமும் பட்டியல் ஒட்டினார்கள். ஷிபோஷ் வீடு முதல் இடம். சோர்தாஷ் வீடு கடைசி. அதுவும் எண்ணுக்கு முன்னால் ஒரு சின்னக் கோடு போட்டு. ‘மைனஸ் விருந்தோம்பல்’ என்று பிள்ளைகள் பேர் வைத்துவிட்டார்கள். அந்தப் பலகையைக் கடக்கும்போதெல்லாம் பொரோகா தலையைக் குனிந்துகொண்டு போனாள். அப்பாவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடத் திவதாருக்குத் தூக்கம் வந்திருக்கும்.

குழு சும்மா இருக்குமா? சுற்றறிக்கைகள் பறந்தன. விருந்தாளிகள் ஓடக் கூடாது. மாடிப்படி ஏறக் கூடாது. ஆகவே இரண்டாம் மாடியிலிருந்த பௌதிக வகுப்பு சாப்பாட்டுக் கூடத்துக்கு மாறியது. பத்து மணிச் சிற்றுண்டி இனிமேல் ஒன்பதரைக்கு ஒன்று, பத்தரைக்கு ஒன்று. அதற்கு நேரம் போதவில்லை என்று வரலாற்று வகுப்பை எடுத்துவிட்டார்கள். அதிகமாகச் சிரிக்க வைக்கிற ஆசிரியர்களுக்கு ‘வீண் ஆற்றல் செலவு’ என்று எச்சரிக்கைக் கடிதம் போனது. பின்லாந்திலிருந்து பிள்ளைகளோடு வந்திருந்த ஆசிரியர் எல்லாவற்றையும் பார்த்தார், எதுவும் சொல்லவில்லை. அவர்கள் நாட்டில் பேசாமல் இருப்பதுதான் கண்டனம் என்பது இங்கே யாருக்கும் தெரியவில்லை.

ஐந்தாம் நாள் ஹார்ஷானி அம்மையார் திவதார் வீட்டுக்கே வந்துவிட்டார், பின்னால் கைத்தராசோடு கிஸெல்லா. செருப்பைக் கழற்றி, விருந்தாளிகளுக்கு வைத்திருக்கும் கம்பளிச் செருப்பை மாட்டிக்கொண்டு, நேரே குளிர்ப்பெட்டியைத் திறந்து பார்த்தார்.

“சோர்தாஷ் ஐயா, நேத்து காலையில உங்க விருந்தாளி ஆத்தங்கரையில அறுபது டெக்காவ வேர்வையாக் கொட்டினதுக்கு என்கிட்ட சாட்சி இருக்கு.”

“அது அவன் வேர்வைங்க.”

“அப்படி நெனைக்காதீங்க. இந்த ஒம்பது நாளும் அவன் ஒடம்பு பொதுச் சொத்து. எனக்கு அந்தப் பசங்க முக்கியமில்ல. தப்பா எடுத்துக்காதீங்க, எனக்கு முக்கியம் அவங்க எடை. பசங்க அடுத்த வாரம் போயிடுவாங்க. எடை அறிக்கையில நிக்கும்.”

“அவனுக்குப் போட்டி இருக்குதுங்க. அறுபதுக்கு மேல போனா...”

“போட்டி யாருக்குத்தான் இல்ல? பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்துக்காரன் போலந்துப் பசங்கள ஒரு வாரத்துல எட்டு கிலோ ஏத்தியிருக்கான். மொத்தமா எட்டு! நான் மூஞ்சிய எங்க வெச்சுக்கறது?” என்றவர் குரலைத் தாழ்த்தினார். “உங்க பொண்ணு நல்ல பொண்ணு. போகணும்னு ஆசைப்படுதுன்னு கேள்விப்பட்டேன். ஒரு அப்பாவுக்குத் தெரியாதா, சூப்புல என்ன போடணும்னு?”

அவர் போனபிறகு திவதார் வெகுநேரம் அடுப்பருகில் நின்றார். நீலோவுக்கென்று தனியாகக் கேரட் சூப் கொதித்துக்கொண்டிருந்தது. அலமாரித் தட்டில் வாத்துக் கொழுப்பு, ஷிபோஷ் பரிகாசமாக அனுப்பிய டப்பா. திவதாரின் கை டப்பாவைத் திறந்தது. ஒரு கரண்டி போட்டது. இன்னொரு கரண்டியும் போட்டது. கொழுப்பு உருகிப் பொன் வட்டங்களாக மிதப்பதைப் பார்த்துக்கொண்டே நின்றார். இருபத்திரண்டு வருஷமாகத் தராசுத் தட்டில் படாத விரல் இன்றைக்குப் பட்டுவிட்டது என்று தோன்றியது. சீ, என்ன பிழைப்பு இது என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டு, பானையைத் தூக்கி அப்படியே தொட்டியில் கவிழ்த்தார். திரும்பினால் வாசலில் நீலோ. அவன் கண் டப்பாவில் இருந்தது, பிறகு தொட்டியில், பிறகு திவதாரின் முகத்தில். வந்து கேரட்டை எடுத்து வைத்துச் சீவ ஆரம்பித்தான்.

எட்டாம் நாள் மாலை. பலகையில் நீலோ மைனஸ் இருபது டெக்கா. ஆறாம் இடத்தில் இருப்பவன் ஒரு கிலோ முப்பது. பொரோகா சுவரிலிருந்த வரைபடத்தைக் கழற்றிச் சுருட்டிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாள். திவதார் அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி போய் மேஜையில் உட்கார்ந்தார். நீலோ அவர் எதிரே வந்து உட்கார்ந்து பேசினான். பொரோகா மொழிபெயர்க்கப் பெயர்க்க அவள் குரல் மாறியது.

“அப்பா, இவன் என்ன சொல்றான்னா... எடையக் கொறைக்கறதுதான் கஷ்டமாம். ஏத்தறது ஒரு காலை வேலையாம். தண்ணி! காலையில தண்ணியாக் குடிச்சிட்டுத் தராசுல ஏறிடறேங்கறான். சாயங்காலத்துக்குள்ள எல்லாம் போயிடும், போட்டிக்குள்ள பழைய எடைக்கு வந்திடுவேன், இதுதான் எங்க தொழிலேங்கறான்.”

“இது ஏமாத்தில்லையா?”

பொரோகா கேட்டுச் சொன்னாள்: “தண்ணியும் எடைதானேங்கறான். உங்க தராசுகிட்டயே கேளுங்கங்கறான்.”

திவதார் யோசித்தார். தராசு பொய் சொல்லாது. அது என்ன எடை என்று சொல்லும், எதனால் எடை என்று சொல்லாது. அது அதன் வேலையும் இல்லை. எழுந்துபோய் அந்தப் பையனின் தலையை இரண்டு கையாலும் பிடித்து உச்சியில் முத்தம் கொடுத்தார்.

காலை ஆறு மணியிலிருந்து சோடாக் குப்பிகள் சீறின. இரண்டேகால் லிட்டர் உள்ளே போனதும் மூன்று பேரும் கடைக்குப் போனார்கள். மாவு மூட்டை நிறுக்கும் பெரிய தராசில் நீல ஜட்டியோடு நீலோ ஏறினான். அறுபத்தொன்று நாற்பது. இரண்டு கிலோ ஏற்றம். ஆறாம் இடத்துக்குத் தாராளம். அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் ஒன்பது நாள் கேட்ட ‘பென்சில்’ திவதாரின் காதில் இன்னும் இரைந்துகொண்டிருந்தது. ஓல்லி மூன்றேகால் கிலோவை நெருங்குகிறான் என்று ஷிபோஷ் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

“இன்னும் ஒண்ணரை லிட்டர் தாங்குவானா கேளு.”

“எதுக்குப்பா? போதும்ல?”

“போதும்தான். ஆனா ஒரே ஒரு தடவ அந்த வாத்துக்காரன் மூஞ்சியப் பாக்கணும்டி எனக்கு.”

நீலோ தோளைக் குலுக்கிவிட்டுக் குடித்தான். அறுபத்திரண்டு தொண்ணூறு. மூன்றரை கிலோ ஏற்றம். வயிறு முரசு மாதிரி நின்றது.

பத்து மணிக்கு விழா. விதி பன்னிரண்டின்படி கதவுகள் மூடப்பட்டன. எடை பார்த்து முடியும்வரை விருந்தாளி யாரும் வெளியே போகக் கூடாது. அகர வரிசை. ஒவ்வொரு எடைக்கும் ஒரு பேச்சு. வைசனென் என்ற குடும்பப் பேர் கடைசியில் வரும் என்பதைத் திவதார் யோசிக்காமல் விட்டுவிட்டார். முதல் நாலு பேருக்கும் ஊர்த்தலைவர் பேசினார். ஐந்தாவது ஆளுக்கு ஒரு மாணவி கவிதை சொன்னாள், அதில் ஆறு ஓடியது, அருவி கொட்டியது. போர்வை போர்த்திக்கொண்டிருந்த நீலோவின் முகம் வெளுத்தது. ஏழாவதற்குப் புல்லாங்குழல். பத்தாவது ஆள் ஓல்லி. மூன்று கிலோ இருபது டெக்கா! ஷிபோஷ் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு கூடத்தைச் சுற்றி வந்தார்.

நீலோ எழுந்தான். ஹார்ஷானி அம்மையாரும் எழுந்தார்.

“கடைசி விருந்தாளியைத் தராசுக்கு அழைக்கும் முன், சில வார்த்தைகள். பெற்றோர்களே, எடை என்றால் என்ன?”

இருபத்தைந்து நிமிஷம் ஆயிற்று. எடை என்றால் என்ன என்று அவருக்கே இன்னும் தெரிந்தபாடில்லை. நீலோ கால் மாற்றிக் கால் மாற்றி நின்றான். நெற்றியில் வேர்வை முத்து முத்தாகக் கோத்திருந்தது. திவதாருக்குப் பொறுக்கவில்லை. வாழ்நாளில் யார் பேச்சிலும் குறுக்கே புகாத மனுஷன், அம்மையார் மூச்சு வாங்கிய நொடியில், பேச்சு முடிந்துவிட்ட மாதிரி பலமாகக் கைதட்டினார். பொரோகா தட்டினாள். அரைத் தூக்கத்தில் இருந்த கூடம், விடுதலை கிடைத்தது என்று மொத்தமாகத் தட்டியது. அங்கேதான் வினை. நம் ஊர்க் கை தனித்தனியாகத் தட்டாது. பத்துத் தட்டுக்குள் எல்லாக் கையும் ஒரே தாளத்துக்கு வந்துவிடும். டம், டம், டம் என்று அந்தத் தாளம் விழுந்தால் நாடகக் கொட்டகையில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: பிரமாதம், இன்னும் ஒரு தடவை.

ஹார்ஷானி அம்மையாரின் கண் கலங்கிவிட்டது. முப்பது வருஷத்தில் யாரும் அவரை மறுபடி பேசச் சொன்னதில்லை.

“நீங்கள் இவ்வளவு கேட்கும்போது மறுக்க முடியுமா? கடைசியில் சொல்லலாம் என்று வைத்திருந்த இன்ப அதிர்ச்சியை இப்போதே சொல்கிறேன். முதல் இடம் பெறும் வீட்டுக்கு ‘நிரந்தர விருந்தோம்பல் இல்லம்’ என்ற பட்டம்! அந்த வீட்டுக்கு இனி வருஷம் இரண்டு விருந்தாளிகள். அந்த வீட்டுப் பிள்ளை பிப்ரவரியில் இங்கேயே இருந்து, அடுத்த வருஷத்துக்கான வீடுகளுக்குப் பயிற்சி அளிக்கும். நன்றாக ஊட்டத் தெரிந்தவர்களை வெளியே அனுப்ப நாம் என்ன முட்டாள்களா? இரண்டு முதல் ஏழு வரை வருகிறவர்கள் போகட்டும்.”

ஷிபோஷின் தூக்கிய கை மெல்ல இறங்கியது. மூன்றரை கிலோ! ஒரு நாற்பது டெக்கா இறங்கினால் இரண்டாம் இடம், மகள் போவாள். இறங்காவிட்டால் பட்டம். தன் வீம்புக்காக ஊற்றிய அந்தக் கடைசி ஒன்றரை லிட்டர் அவர் கண்ணெதிரே போர்வைக்குள் குலுங்கிக்கொண்டிருந்தது. பொரோகா நீலோவின் காதில் கடகடவென்று பேசினாள். தராசுப்பக்கம் ஓரடி வைத்த நீலோ அந்தக் காலைப் பின்னால் இழுத்துக்கொண்டான்.

“அம்மா,” என்றார் திவதார் எழுந்து. “பையன் ஒரு நிமிஷம் வெளிய போயிட்டு வரட்டும்.”

“தராசுல ஏறிட்டுப் போகட்டும்.”

“அவனுக்கு அவசரங்க.”

ஹார்ஷானி அம்மையார் போர்வைக்கு மேல் புடைத்திருந்த வயிற்றைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. புரிந்ததும் முகம் மலர்ந்தது. “தண்ணியா? இருக்கட்டுமே! எடைன்னா எடைதான். இதுல ஒரு டெக்காகூட வாசல் தாண்டக் கூடாது.”

போர்வையை ஷிபோஷும் பார்த்துவிட்டார். ஒரே பாய்ச்சலில் போய்க் கதவில் முதுகைக் கொடுத்து நின்றார். “அப்படிச் சொல்லுங்கம்மா! மொதல்ல ஏறட்டும்! டேய் திவதார், நீதான்டா மொதல்! நீ எனக்கு மேலடா! வாழ்த்துக்கள்டா!”

“வழி விடுடா ஷிபோஷ்.”

“மாட்டேன்டா. பட்டத்த வாங்கிக்கடா. ஒனக்குத்தான்டா அது பொருத்தம்.”

“சோர்தாஷ் ஐயா,” அம்மையாரின் குரல் தழுதழுத்தது. “பள்ளிக்கு வர்ற கௌரவத்தக் கொண்டுபோய்க் கழிப்பறையில கொட்டப்போறீங்களா?”

திவதார் ஊர்த்தலைவரைப் பார்த்தார், பாடகர் குழுவைப் பார்த்தார், கதவருகே உதட்டைக் கடித்துக்கொண்டு நின்ற மகளைப் பார்த்தார்.

“ஆமாங்க,” என்றார். “கொட்டத்தான் போறேன்.”

ஷிபோஷ் அப்போதும் நகரவில்லை. பொரோகாதான் பணிவாகச் சொன்னாள். “மாமா, இவனால இனிமே முடியாதாம். இங்கயே விட்டுடுவேங்கறான். உங்க ஷூ மேல.”

ஷிபோஷ் குனிந்து பார்த்தார். விழாவுக்கென்று வாங்கிய புது ஷூ. மனசு என்ன நினைத்ததோ, கால் தானாக ஒதுங்கிவிட்டது. போர்வை பறக்க, நீல ஜட்டி தாழ்வாரத்தில் மின்னலாகப் போயிற்று. முந்நூறு பேர் மூச்சுவிடாமல் காத்திருந்தார்கள். பழைய கட்டடம், எல்லாம் கேட்டது. வெகுநேரம் கேட்டது. கிஸெல்லா மட்டும் உதட்டை அசைத்துக் கணக்கிட்டுக்கொண்டிருந்தாள்.

திரும்பி வந்த நீலோவின் முகத்தில் ஒரு சாந்தி. தராசில் ஏறினான். முள் ஆடியது, நின்றது.

“அறுபத்திரண்டு கிலோ. ஏத்தம் ரெண்டு கிலோ அறுபது டெக்கா. ரெண்டாவது எடம்.”

பொரோகா கத்தினாள். திவதாரைக் கட்டிக்கொண்டாள், நீலோவைக் கட்டிக்கொண்டாள், தராசைக்கூடக் கட்டிக்கொள்ளப் போனாள். திவதாருக்குக் கண்ணீர் தாரைதாரையாக வந்தது, துடைக்கவில்லை. மேடையில் ஹார்ஷானி அம்மையார் ஷிபோஷின் தோளில் மூவண்ணப் பட்டையை மாட்டிக்கொண்டிருந்தார். நிரந்தர விருந்தோம்பல் இல்லத்தைப் பற்றி அவருக்கு இன்னும் சில வார்த்தைகள் இருந்தன. முன்வரிசையில் எமெஷெ சட்டையில் குத்தியிருந்த பின்லாந்துக் கொடியைக் கழற்றி, என்ன செய்வதென்று தெரியாமல் கைக்குள் மூடிவைத்திருந்தாள். பொரோகா அவளைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

கூட்டம் கலையும்போது, கோட்டுகள் மாட்டியிருந்த இடத்தில் ஷிபோஷ் திவதாரை நெருங்கி வந்தார். பட்டை தோளில் கோணலாகத் தொங்கியது. திட்டுவார் என்று திவதார் எதிர்பார்த்தார். திட்டினால்கூடத் தேவலை என்று இருந்தது.

“ஓல்லி காலையில கேட்டான்டா திவதார்,” என்றார் ஷிபோஷ் தணிந்த குரலில். “ஒண்ணுக்கு வருது, வெளிய போகணும்னு மூணு தடவ கேட்டான். நான்தான் கையப் புடிச்சு உக்கார வெச்சேன்.”